கந்தல் குவியலின் அருகே

லண்டன் டேட் அருங்காட்சியகச் சேகரிப்பில் ஏறக்குறைய ஆளுயரத்துக்கு ஒரு தைல ஓவியம் இருக்கிறது. 1988–89இல் வரையப்பட்டது. ஆடையில்லாத ஒரு பெண், பாதி நின்றும் பாதி சாய்ந்தும், வெள்ளைத் துணிக் குவியல் ஒன்றில் உடம்பைக் கொடுத்திருக்கிறார். ஐரோப்பிய ஓவியங்களைப் பார்த்துப் பழகிய கண் அந்தத் துணியைத் திரைச்சீலை என்றோ மேகம் என்றோ எடுத்துக்கொள்ளும். நம் கண்ணுக்குச் சலவைத் துறையில் குவித்துப்போட்ட வெளுப்பு போலத் தெரியலாம். உண்மையில் விடுதிகள் கழித்துப்போட்ட பழைய விரிப்புகள் அவை. தூரிகை துடைப்பதற்காக ஓவியர் வாங்கி வைத்திருந்த கந்தல்கள். படத்தின் பெயரும் அதையே சொல்கிறது: 'கந்தல்களின் அருகே நிற்றல்'.

வரைந்தவர் லூசியன் ஃப்ராய்ட். நவீன ஓவியம் மனித உருவத்தைக் கைவிட்டுவிட்டது, இனி அதில் செய்ய ஒன்றுமில்லை என்று விமர்சகர்கள் நம்பிய காலத்தில், ஒரு மூடிய அறைக்குள் ஆட்களை உட்காரவும் படுக்கவும் வைத்து வரைந்துகொண்டே இருந்தவர்.

கந்தல் அவ்வளவு குவிந்ததற்கு அவருடைய வேலைமுறைதான் காரணம். தோலை வரையும்போது, பெரும்பாலும் ஒவ்வொரு தீற்றலுக்குப் பிறகும் தூரிகையைத் துடைத்துவிடுவார். அடுத்த தீற்றலுக்கு நிறத்தைப் புதிதாகக் குழைப்பார். வழக்கமாக உருவ ஓவியர்கள் இப்படிச் செய்வதில்லை. தோலுக்கென்று நாலைந்து நிறங்களைத் தட்டில் தயாராகக் கலந்துகொண்டு, வெளிச்சத்துக்கு ஒன்று, நிழலுக்கு ஒன்று என்று பூசிப் போவார்கள். வேலை ஓடும், நிறமும் ஒன்றோடொன்று இழையும். ஃப்ராய்டுக்கு அந்த ஓட்டமே வேண்டாம். தோள்பட்டையின் இந்த இடத்து நிறம் வேறு, அதற்கு அரை அங்குலம் தள்ளி இருக்கும் நிறம் வேறு. முந்தைய நிறம் தூரிகையில் மிச்சமிருந்தால் அடுத்ததைப் பார்க்காமலேயே பூசிவிடக் கை துணியும். அதைத் தடுக்கத்தான் துடைப்பு. ஒரு துணியை இடுப்பில் ஏப்ரன் போலச் செருகிக்கொள்வார். மிஞ்சிய வண்ணத்தைச் சுவரிலும் அப்புவார். ஆண்டுக்கணக்கில் அப்பியதில் அந்தச் சுவர்களே தடித்துப் போயின. அந்தச் சுவரும் சில படங்களில் பின்னணியாக வந்திருக்கிறது.

ஓர் ஓவியரைப் பற்றிப் பேசும்போது, "இதற்கெல்லாம் தூண்டுதல் எங்கிருந்து வந்தது?" என்று கேட்பது நம் வழக்கம். ஏதோ ஓர் இரவில், ஏதோ ஒரு மின்னல். ஆனால் தமிழில் அந்தச் சொல் மின்னலைக் குறிப்பதில்லை. தூண்டுவது என்றால் விளக்கின் திரியை மேலேற்றுவது. எரிகிற விளக்கைத்தான் தூண்ட முடியும். ஒருமுறை தூண்டிவிட்டுப் போய்விடவும் முடியாது. திரி கருகக் கருகப் பக்கத்தில் ஆள் இருக்க வேண்டும். ஃப்ராய்டின் ஓவியக்கூடத்தில் நடந்ததைச் சொல்ல இதைவிடப் பொருத்தமான சொல் எனக்குக் கிடைக்கவில்லை. அவருடைய தூண்டுகோல், எதிரில் இருந்த ஆள். அந்த ஆள் எதிரில் இருந்த மணிநேரங்கள். அவற்றை யார் கொடுத்தார்கள், என்ன விலைக்குக் கொடுத்தார்கள் என்பதை விட்டுவிட்டு அவருடைய கலையைப் பற்றிப் பேசுவது பாதிப் பேச்சுதான்.

ஃப்ராய்ட் 1922 டிசம்பர் 8 அன்று பெர்லினில் பிறந்தார். உளப்பகுப்பாய்வை நிறுவிய சிக்மண்ட் ஃப்ராய்டின் பேரன். தந்தை எர்ன்ஸ்ட் கட்டடக் கலைஞர். ஹிட்லர் ஆட்சிக்கு வந்த 1933இல் குடும்பம் இங்கிலாந்துக்குப் பெயர்ந்தது. 1939இல் எசெக்ஸ் பகுதியின் டெடம் ஊரில் செட்ரிக் மோரிஸ் நடத்திய சிறிய ஓவியப் பள்ளியில் சேர்ந்தார். போர்க்காலத்தில் வணிகக் கப்பலில் கொஞ்ச நாள் மாலுமி. 1944இல் முதல் தனிக் கண்காட்சி. இவற்றைச் சொல்லிக் கடந்துவிடலாம். பேச வேண்டியது, அவர் எப்போது உட்கார்ந்து வரைவதை நிறுத்தினார் என்பது.

தொடக்ககாலப் படங்களைப் பார்த்தால் அதே கை என்று நம்ப முடியாது. 1950–51இல் முதல் மனைவி கிட்டி கார்மனை வரைந்த 'வெள்ளை நாயுடன் பெண்' வழவழப்பான படம். தூரிகைத் தடமே தெரியாது. மென்மயிர்த் தூரிகையால், மெல்லிய வண்ணத்தால், கண்ணின் ஈரத்தையும் அங்கியின் இழையையும் ஒவ்வொன்றாக எழுதியிருப்பார். உட்கார்ந்த இடத்தில், முகத்துக்கு முகம் மிக அருகில் வரைந்த படங்கள் அவை. 1952இல் நண்பரும் ஓவியருமான ஃபிரான்சிஸ் பேக்கனை ஒரு சிறு செப்புத் தகட்டில் வரைந்தபோது இருவர் முழங்கால்களும் முட்டிக்கொள்ளும் அளவுக்கு நெருங்கி உட்கார்ந்திருந்தார்கள். அந்தப் படம் 1988இல் பெர்லின் கண்காட்சி ஒன்றிலிருந்து திருடு போனது. 2001இல் ஃப்ராய்டே 'தேடப்படுகிறது' என்று ஒரு சுவரொட்டி வடிவமைத்து பெர்லின் முழுக்க ஒட்டச் செய்தார். படம் இன்னும் வரவில்லை.

1954இல் பாரிஸ் விடுதி அறை ஒன்றில் இரண்டாம் மனைவி கேரோலின் பிளாக்வுட் படுத்திருக்க, ஜன்னலருகே இருட்டில் தான் நிற்பதாக ஒரு படம் வரைந்தார். உட்கார்ந்து வரைந்த கடைசிப் படம் அதுதான் என்று பின்னாளில் சொன்னார். அதற்குப் பிறகு எழுந்தார், உட்காரவே இல்லை. எழுந்து நின்றதும் கை நீளமாகிறது. கித்தானிலிருந்து பின்னால் நகர்ந்து பார்க்க முடிகிறது. ஆளைச் சுற்றி வர முடிகிறது. ஐம்பதுகளின் இறுதியில் மென்மயிர்த் தூரிகை போய்ப் பன்றிமயிர்த் தூரிகை வந்தது. முரட்டு மயிர். வண்ணத்தை இழுத்துக்கொண்டு போகும், தடத்தை விட்டுப்போகும். ஆரம்பத்தில் அவரை ஆதரித்த சிலருக்கு இந்த மாற்றம் பிடிக்கவில்லை. அழகான கோட்டைக் கெடுத்துக்கொண்டான் என்றார்கள். சில ஆண்டுகள் அவருடைய படங்கள் தடுமாறவே செய்தன என்பதையும் சொல்லத்தான் வேண்டும். அறுபதுகளின் தொடக்கத்து முகங்கள் சிலவற்றில் தூரிகை வீச்சு இருக்கிறது, முகம் இல்லை.

இந்த மாற்றத்தில் பேக்கனுக்குப் பங்கு உண்டு. ஆனால் இருவரும் எதிரெதிர்த் திசையில் வேலை செய்தவர்கள். எதிரில் ஆள் உட்கார்ந்திருந்தால் பேக்கனுக்குக் கை வராது. ஜான் டீக்கின் எடுத்த புகைப்படங்களை மிதித்து, மடித்து, கிழித்து, அவற்றைப் பார்த்து வரைவார். ஃப்ராய்டை மூன்று கித்தான்களில் அவர் வரைந்த 1969ஆம் ஆண்டுப் படமும் டீக்கின் புகைப்படங்களிலிருந்து வந்ததுதான். பேக்கன் இறந்த பின் அவருடைய லண்டன் ஓவியக்கூடத்தை அப்படியே பெயர்த்து டப்ளினின் ஹ்யூ லேன் காட்சியகத்தில் வைத்தபோது, தரையில் கிடந்தவற்றை எண்ணினார்கள்: 7,000க்கும் மேற்பட்ட பொருள்கள்; கிழிந்த படங்களும் புத்தகத் தாள்களும் ஏராளம். ஃப்ராய்டின் அறையிலோ வெறும் பலகைத் தரை, இரும்புக் கட்டில், கிழிந்த சோபா, தண்ணீர்த் தொட்டி, ஒரு செடி, கந்தல். புகைப்படத்துக்கு அங்கே வேலை இல்லை.

வண்ணத்துக்கு வருவோம். எழுபதுகளின் நடுவிலிருந்து அவர் தோலுக்குப் பயன்படுத்தியது க்ரெம்னிட்ஸ் வெள்ளை என்ற ஈய வெள்ளை. ஈயம் மிகுதி, எண்ணெய் குறைவு. குழம்பு போல் வழியாது. கெட்டித் தயிர் போல நிற்கும். உலர உலர மணல்மணலாகத் திரளும். நஞ்சு என்பதால் அதன் விற்பனைக்குத் தடை வரும் என்ற பேச்சு எழுந்தபோது குழாய் குழாயாக வாங்கிச் சேர்த்துக்கொண்டார். இந்த வெள்ளையை அவர் பெரும்பாலும் தோலுக்கே வைத்துக்கொண்டார். சுவருக்கும் தரைக்கும் துணிக்கும் வேறு வெள்ளை. அதனால் அவருடைய பிற்காலப் படங்களில் உடம்பு மட்டும் கித்தானிலிருந்து எழும்பி நிற்கும். அச்சிலோ கைப்பேசித் திரையிலோ இது தெரியாது. அங்கே அவை அழுக்கேறிய, அருவருப்பான உடம்புகளாகத் தோன்றுவதற்கும், "இவர் மனிதரை வெறுத்தாரா?" என்று கேட்கத் தோன்றுவதற்கும் பாதிக் காரணம் அச்சு மைதான். நேரில், மூக்கின் ஓரத்திலும் முழங்கால் சில்லிலும் வண்ணம் பருப்பு பருப்பாகத் திரண்டிருப்பதைப் பக்கவாட்டு வெளிச்சத்தில் பார்த்தால், வெறுப்பு என்ற சொல் கிட்டே வராது. வெறுக்கிற ஒன்றை இவ்வளவு நேரம் யாரும் தொட்டுக்கொண்டிருக்க மாட்டார்கள்.

ஒரு படம் எப்படித் தொடங்கும்? கித்தானில் கரித்துண்டால் சில கோடுகள். அதோடு வரைவுப்படம் முடிந்தது. பிறகு முகத்தின் நடுவில், நெற்றியிலோ மூக்கருகிலோ, வண்ணத்தைத் தொடங்குவார். அங்கிருந்து வெளியே பரவும். முழுப் படத்துக்கும் அடித்தளம் பூசி, ஒரே சமயத்தில் எல்லா இடத்தையும் வளர்த்துவரும் பழைய முறை இல்லை. மாதங்களுக்குப் பிறகும் முகம் மட்டும் முடிந்து, சுற்றிலும் வெறும் கித்தான் இருக்கும். வெளியே பரவும்போது இடம் போதாமல் போனால் கித்தானோடு ஒரு பட்டையைச் சேர்த்து ஒட்டச் சொல்வார். உடம்புக்குச் சட்டம் அளவு சொல்லாது. சட்டத்துக்கு உடம்பு அளவு சொல்லும். 2000–01இல் இரண்டாம் எலிசபெத் அரசியை வரைந்தபோது, அந்தப் படமே 23.5 செ.மீ. உயரம்தான், ஒரு பள்ளி நோட்டுக்கும் சிறியது. மணிமுடியையும் சேர்க்க வேண்டும் என்று பாதியில் தோன்றியதால் மேலே ஒரு பட்டை ஒட்டப்பட்டது. அரசிக்காக அவர் தன் கூடத்தை விட்டு வெளியே போனார். அமர்வுகள் செயின்ட் ஜேம்ஸ் அரண்மனையில் நடந்தன.

பகல் படங்கள், இரவுப் படங்கள் என்று தனித்தனி வரிசை உண்டு. பகல் படம் வடக்குச் சாளர வெளிச்சத்தில். இரவுப் படம் மின்விளக்கின் கீழ், நள்ளிரவு தாண்டியும். காலையில் ஒருவர், மாலையில் வேறொருவர் என்று ஒரே சமயத்தில் பல படங்கள் நடக்கும். 2002இல் ஓவியர் டேவிட் ஹாக்னி அவருக்காக உட்கார்ந்தது மொத்தம் 120 மணிநேரம். பதிலுக்கு ஃப்ராய்ட் ஹாக்னிக்காக உட்கார்ந்தது சில மணிநேரம் மட்டுமே. ஹாக்னி இதைச் சிரித்துக்கொண்டே சொல்லித் திரிந்தார். கலை விமர்சகர் மார்ட்டின் கேஃபோர்டு 2003 நவம்பரிலிருந்து அடுத்த கோடைவரை உட்கார்ந்து, அந்த அனுபவத்தையே ஒரு புத்தகமாக எழுதினார். 2006–07இல் வரைந்த 'ரியா' என்ற நிர்வாண உருவப்படத்துக்கு 16 மாதங்கள், ஏறத்தாழ 2,400 மணிநேரம் ஆனது. அலுவலகம் போகிறவர் ஒருவரின் ஓராண்டு வேலைநேரத்தைவிட இது கூடுதல்.

மாதக்கணக்கில் முகத்தை வரைந்தாகிவிட்டது. இன்று தரைப்பலகையை மட்டும் வரையப் போகிறார். அப்போதும் ஆள் வந்தாக வேண்டும். ஆள் இருக்கும்போது தரையின் நிறம் வேறு, இல்லாதபோது வேறு என்பது அவருடைய உறுதியான எண்ணம். இதை மூடநம்பிக்கை என்று தள்ளிவிடலாம். ஒளியியல்படி கொஞ்சம் உண்மையும் இருக்கிறது. உடம்பின் நிறம் பக்கத்துத் துணியிலும் பலகையிலும் பிரதிபலிக்கவே செய்யும். ஆனால் அவர் சொன்னது ஒளியை மட்டும் இல்லை என்று நினைக்கிறேன். ஆள் போய்விட்டால் கவனம் போய்விடும். கவனம் போன பிறகு கை தனக்குத் தெரிந்ததைப் பூசத் தொடங்கும்.

இந்த விதியை மீறினால் என்ன ஆகும் என்பதற்கு 1998ஆம் ஆண்டின் 'பெரிய உள்ளறை, நாட்டிங் ஹில்' சாட்சி. முன்னால் எழுத்தாளர் ஃபிரான்சிஸ் விந்தம் புத்தகம் படித்துக்கொண்டிருக்கிறார். பின்னால் மாடல் அழகி ஜெர்ரி ஹால் தன் குழந்தைக்குப் பால் கொடுப்பதாகப் படம் வளர்ந்து வந்தது. சில அமர்வுகளுக்கு அவர் வரவில்லை. ஃப்ராய்ட் காத்திருக்கவில்லை, நினைவிலிருந்து முடிக்கவும் இல்லை. தன் உதவியாளர் டேவிட் டாசனை அந்த இடத்தில் உட்கார வைத்துவிட்டார். இன்று அந்தப் படத்தில், ஆடையில்லாத ஓர் ஆண் குழந்தைக்கு மார்பு கொடுத்துக்கொண்டிருக்கிறார். பார்ப்பவர்கள் ஆழ்ந்த குறியீடுகளைத் தேடுகிறார்கள். காரணம், வருகைப் பதிவேட்டில் இருக்கிறது.

அதற்கு முந்தைய ஆண்டில் டாசனையும் ப்ளூட்டோ என்ற நாயையும் கட்டிலில் படுக்கவைத்து வரைந்தார். கட்டிலுக்கு அடியில் வெற்றிடம் கண்ணை உறுத்தியது. ஏதாவது வேண்டும். எதை வைப்பது? கூடத்தில் இல்லாத எதையும் கொண்டுவர மனமில்லை. கடைசியில் டாசனின் கால்களையே மறுபடியும் கட்டிலுக்கு அடியிலிருந்து நீட்டச் செய்து வரைந்தார். 'வெயில் காலை – எட்டுக் கால்கள்' என்று பெயர்: நாய்க்கு நான்கு, ஆளுக்கு இரண்டு, அடியில் இரண்டு.

இப்படி அறைக்குள்ளேயே அடைந்து கிடந்தவருக்கு வெளியிலிருந்து எதுவும் வரவில்லையா என்றால், வந்தது. 1939இல் பீட்டர் வாட்சன் என்ற கலைப் புரவலர் அவருக்கு ஒரு புத்தகம் கொடுத்தார்: அமெரிக்க எகிப்தியவியலாளர் பிரெஸ்டெட் எழுதிய எகிப்து வரலாற்றின் 1936ஆம் ஆண்டு ஜெர்மன் பதிப்பு. அதில் எகிப்தின் அமர்னாவில் கிடைத்த சாந்துத் தலைகளின் படங்கள் உண்டு. பார்வோன்களின் இறுகிய, என்றும் இளமையான முகங்கள் இல்லை அவை. கன்னம் தொங்கிய, கண்கீழே பை விழுந்த, தூக்கம் கெட்ட மனித முகங்கள். அந்தப் புத்தகத்தை எழுபது ஆண்டுக்கும் மேல் கட்டிலருகே வைத்துக்கொண்டார். தொண்ணூறுகளில் அதைத் திறந்தபடி தலையணைமேல் வைத்து, ஓர் ஆளை வரைவது போலவே மெனக்கெட்டு வரைந்தார். செப்புத்தகட்டு அச்சாகவும் செய்தார்.

அந்தத் தலைகள் எங்கே கிடைத்தன என்பதுதான் எனக்கு இதில் முக்கியமாகப் படுகிறது. 1912இல் லுட்விக் போர்க்கார்ட் தலைமையில் ஜெர்மானிய அகழ்வாய்வுக் குழு, துத்மோஸ் என்ற சிற்பியின் பட்டறையைத் தோண்டியது. நெஃபர்டிடி அரசியின் பெயர்பெற்ற சிலை கிடைத்ததும் அங்கேதான். சிலை பெர்லினுக்குப் போய் உலகப்புகழ் பெற்றது. சாந்துத் தலைகள் பட்டறைச் சரக்கு; வேலைக்காகச் செய்துவைத்தவை. 3,300 ஆண்டுகளுக்கு முந்தைய ஒரு கலைக்கூடத்தின் வேலைச் சரக்கைத்தான், பெர்லினில் பிறந்து லண்டனில் அகதியான பையன் தன் வழிகாட்டியாக எடுத்துக்கொண்டான். கோயிலில் நிறுத்திய கடவுளர் உருவங்கள் அவனைத் தொடவில்லை.

கான்ஸ்டபிள் கதையும் இப்படித்தான். டெடமில் படித்தபோது, அந்த வட்டாரத்தில் பிறந்து வளர்ந்த ஜான் கான்ஸ்டபிள் வரைந்த எல்ம் மரத்தின் அடிமரப் படம் அவரை ஆட்டிவைத்தது. மரம் முழுதாக இல்லை. பட்டையும் வெடிப்பும் உள்ள தண்டுப்பகுதி மட்டும், ஒரு மனித உடம்பை நெருங்கிப் பார்ப்பது போல. அதேபோல் ஒரு மரத்தின் முன் ஈஸலை நிறுத்திப் பார்த்தார். முடியவில்லை, விட்டுவிட்டார். அறுபது ஆண்டு கழித்து, 2003இல், அந்த எல்ம் மரத்தைச் செப்புத்தகட்டில் பொறித்து அச்சிட்டார். அதற்கு முந்தைய ஆண்டு பாரிஸின் கிராண்ட் பலேயில் நடந்த கான்ஸ்டபிள் கண்காட்சிக்குப் படங்களைத் தேர்ந்தவர்களில் அவரும் ஒருவர்.

வாட்டோவின் கதை வேறு மாதிரி. 18ஆம் நூற்றாண்டு பிரெஞ்சு ஓவியர் வாட்டோ, தோட்டத்தில் நாடகக்காரர்கள் வரிசையாக உட்கார்ந்திருப்பதாகச் சின்னஞ்சிறு படம் ஒன்று வரைந்தார். ஃப்ராய்ட் அதை 1981–83இல் ஏறத்தாழ 2 மீட்டர் அகலக் கித்தானில் தன் அறைக்குள் கொண்டுவந்தார். தோட்டம் போய்விட்டது; இரும்புக் கட்டிலும் ஒரு செடியும் இருக்கின்றன. வாட்டோவின் ஆட்களுக்குள் காதல் இருக்கிறது, பொறாமை இருக்கிறது, பாட்டு இருக்கிறது. ஃப்ராய்டின் ஆட்கள் கட்டிலில் நெருக்கியடித்து உட்கார்ந்திருக்கிறார்கள், ஆனால் ஒருவரை ஒருவர் அறியாதவர்கள் போல. உட்கார்ந்திருப்பவர்கள் யார்? அவருடைய மகள் பெல்லா, முன்னாள் துணைவி சூசி பாய்ட், சூசியின் மகன் கய், அப்போதைய காதலி சீலியா பால். காலடியில் ஒரு சிறுமி படுத்திருக்கிறாள். 2022இல் 8.6 கோடி டாலருக்கு மேல் விலைபோன இந்தப் படத்தை வாட்டோவுக்குச் செய்த மரியாதை என்று எழுதுகிறவர்கள் உண்டு. என் கண்ணுக்கு அது ஒரு குடும்பப் புகைப்படம். வேறெந்த இடத்திலும் ஒன்றுசேர முடியாத குடும்பம், ஓவியரின் அறையில் மட்டும் சேர்ந்து உட்கார்ந்திருக்கிறது.

இங்கேதான் கேள்வி கடினமாகிறது. அவருக்குப் பதினான்கு பிள்ளைகள் என்பது பொதுவாக ஏற்கப்பட்ட கணக்கு. அவர்களில் பலர் அப்பாவோடு கூடவே வளரவில்லை. அப்பாவைப் பார்க்க வேண்டுமா, வந்து உட்கார வேண்டும். மகள்களில் சிலர் ஆடையின்றியும் உட்கார்ந்தார்கள். அந்த அமர்வுகளில்தான் தங்களுக்கு அப்பா முழுதாகக் கிடைத்தார் என்று அன்போடு நினைவுகூர்ந்த பிள்ளைகள் உண்டு. ஆனால் அன்பைப் பெற அமர்வு ஒன்றே வழி என்று வைத்தவர் அவர்தான்.

தாயின் கதை இதற்கு நேர்மாறு போலத் தெரியும். கிட்டப் போனால் அதுவும் இதே கதைதான். தாய் லூசிக்கு இந்தப் பிள்ளைமேல் அளவுகடந்த பாசம். அந்தப் பாசத்தின் பார்வை தாங்காமல் ஃப்ராய்ட் அவரைத் தவிர்த்தே வந்தார். 1970இல் தந்தை இறந்தார். தாய் தன்னை மாய்த்துக்கொள்ள முயன்று காப்பாற்றப்பட்டார்; ஆனால் எதிலும் நாட்டமற்றுப் போனார், மகன்மீதும். 1972இல் மகன் அவரை வரையத் தொடங்கினார். தன்னை ஆழமாகக் கவனித்தவரை அவரால் வரைய முடியவில்லை. கவனிப்பதை நிறுத்தியவரைப் பத்தாண்டுக்கும் மேலாக வரைந்தார். அந்தப் படங்களில் தாய் நாற்காலியில் உட்கார்ந்திருப்பார், அல்லது பூவேலை கொண்ட மேலங்கியோடு கைகளை மேலே வைத்துப் படுத்திருப்பார். பார்வை எங்கேயோ. 1989இல் அவர் இறந்தபோது அந்த முகத்தைக் கரித்துண்டால் வரைந்தார். அமர்வுகளுக்காக மகன் அவரை வீட்டிலிருந்து அழைத்துவந்து, சாப்பிட வைத்து, வரைந்து, திரும்பக் கொண்டுவிட்டதைச் சேவை என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள். சேவைதான். தாய்க்கு எழுந்து வெளியே வர ஒரு காரணம் கிடைத்தது. மகனுக்குத் தன் வாழ்நாளின் மிகச் சிறந்த படங்களில் சில கிடைத்தன. இரண்டையும் தராசில் வைக்க எனக்குத் துணிவில்லை.

சீலியா பாலுக்குத் துணிவு இருந்தது. அவர் 1959இல் திருவனந்தபுரத்தில் மிஷனரிப் பெற்றோருக்குப் பிறந்தவர். சிறுவயதிலேயே இங்கிலாந்துக்குப் போனவர். 1978இல் லண்டன் ஸ்லேட் ஓவியப் பள்ளியில் மாணவியாக இருந்தபோது, வருகை ஆசிரியராக வந்த ஃப்ராய்டைச் சந்தித்தார். அவருக்கு 18 வயது, ஃப்ராய்டுக்கு 55. 1980–81இல் 'முட்டையுடன் நிர்வாணப் பெண்' என்ற படத்துக்காக அவர் படுத்திருந்தார். முன்னால் ஒரு தட்டில் அரிந்த முட்டையின் இரு பாதிகள். 2019இல் வெளிவந்த தன்வரலாற்றில் அந்த அமர்வுகளில் தான் கூசியதையும் அழுததையும் அவர் எழுதியிருக்கிறார். பழிவாங்கும் தொனி அதில் இல்லை, அன்பும் இருக்கிறது. அதனால்தான் அது உறைக்கிறது. அவரும் ஓவியர், பார்க்கப்படுவது என்றால் என்ன என்பதைப் பார்ப்பவராகவும் அறிந்தவர். தன் தாயை அவர் ஏறக்குறைய முப்பது ஆண்டுகள் வரைந்தார். இருட்டும் அமைதியும் கூடிய படங்கள். உட்கார்ந்திருக்கும் தாய் பிரார்த்தனையில் இருப்பது போலத் தெரிவார். ஃப்ராய்டின் தாய்ப்படங்களை இவற்றுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஒரு வித்தியாசம் புலப்படும். ஒன்று பார்க்கிறது, மற்றது கூட இருக்கிறது. எது பெரிய ஓவியம் என்று கேட்டால் நான் ஃப்ராய்டைத்தான் சொல்வேன். யார் எதிரில் உட்கார விருப்பம் என்று கேட்டால் பதில் வேறு.

1986–87இல் ஃப்ராய்ட் வரைந்த 'ஓவியரும் மாடலும்' என்ற படத்தில் இடம் மாறுகிறது. சீலியா வண்ணம் படிந்த அங்கியுடன் கையில் தூரிகையோடு நிற்கிறார். சோபாவில் ஆடையின்றிக் கிடப்பவர் ஓர் ஆண். சீலியாவின் வெறுங்கால் ஒரு வண்ணக் குழாயை மிதித்துப் பிதுக்குகிறது. ஃப்ராய்ட் கொடுத்த அங்கீகாரம் என்று இதைப் படிப்பதுண்டு. தூரிகை சீலியாவின் கையில் இருக்கிறது. படத்தை வரைந்த தூரிகை அவர் கையில் இல்லை.

காசு கொடுத்து உட்காரவைத்தவர்களும் உண்டு. 1988இல் லண்டன் காட்சியகம் ஒன்றில், ஒருவழிக் கண்ணாடிக்குப் பின்னால் விதவிதமான வேடங்களில் நிகழ்ச்சி நடத்திய லீ பவரி என்ற ஆஸ்திரேலியக் கலைஞரை ஃப்ராய்ட் பார்த்தார். தன் மாபெரும் உடம்பை முகமூடிகளாலும் ஆடைகளாலும் மறைப்பதையே கலையாக்கிக்கொண்டவர் பவரி. ஃப்ராய்ட் அவரை எல்லாம் கழற்றிவிட்டு உட்காரச் சொன்னார். நியூயார்க் மெட்ரோபாலிடன் அருங்காட்சியகத்தில் இருக்கும் 1991–92ஆம் ஆண்டுப் படத்தில் அவருடைய முதுகு மலைச்சரிவு போல விரிகிறது. 1994ஆம் ஆண்டின் கடைசி நாளில் பவரி எய்ட்ஸ் நோயால் இறந்தார்.

பவரி அழைத்துவந்தவர்தான் சூ டில்லி, அரசு வேலைவாய்ப்பு அலுவலகத்தில் உதவித்தொகை மேற்பார்வையாளர். முதல் படத்துக்கு வெறும் பலகைத் தரையில் மாதக்கணக்கில் படுத்துக் கிடந்தார். பிறகுதான் அவருக்கென்று சோபா வந்தது. அந்தச் சோபாவில் அவர் தூங்குவதை வரைந்த 1995ஆம் ஆண்டுப் படம், 2008 மே மாதத்தில் நியூயார்க் ஏலத்தில் 3 கோடியே 36 லட்சம் டாலருக்குப் போனது. வாழும் ஓவியர் ஒருவரின் படத்துக்கு அதுவரை யாரும் கொடுத்திராத விலை. டில்லி வாங்கியது சில பத்து பவுண்டு நாள்கூலியும் நல்ல மதியச் சாப்பாடும். அவர் இதைக் குறையாகச் சொல்லவில்லை. சிரித்தபடிதான் பேட்டி கொடுத்தார். அந்தப் படத்தில் கூலிக்குத் தூங்கும் ஒரு பெண்ணின் களைப்பு இருக்கிறது. பகலெல்லாம் அலுவலகம், விடுமுறையில் இந்தச் சோபா. அந்தத் தூக்கம் நடிப்பு இல்லை. அந்தக் களைப்பை விட்டுவிட்டுக் கொழுப்பை மட்டும் பார்த்தவர்கள் படத்தைப் பார்க்கவில்லை.

சோபா, கட்டில், படுத்திருக்கும் ஆள், பக்கத்தில் கேட்டுக்கொண்டிருக்கும் ஃப்ராய்ட். தாத்தாவின் வியன்னா மருத்துவ அறையோடு ஒப்பிடும் ஆசை எல்லோருக்கும் வரும். ஏராளமாக எழுதியும் விட்டார்கள். எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. தாத்தா, படுத்திருப்பவரின் கண்ணில் படாமல் உட்கார்ந்து, உடம்பை விட்டுவிட்டுச் சொல்லைத் தேடியவர். பேரன் எதிரே நின்று, உடம்பிலேயே தங்கிவிட்டவர். பெயர் ஒன்றாக இருப்பதால் வேலையும் ஒன்றாகிவிடாது.

தன்னையும் அவர் விட்டுவைக்கவில்லை. எழுபது வயதில், 1993இல், கண்ணாடி முன் ஆடையின்றி நின்று தன்னை வரைந்தார். ஒரு கையில் வண்ணத்தட்டு, மறுகையில் வண்ணம் வழிக்கும் கத்தி, காலில் கயிறு கட்டாத பழைய பூட்ஸ். பலகைத் தரையின் சிராய் குத்தாமலிருக்க அந்த பூட்ஸ் என்பார்கள். மற்றவர்களை வெறுங்காலோடு நிறுத்தியவர் தனக்கு மட்டும் பூட்ஸ் போட்டுக்கொண்டதை நான் கவனித்துவிட்டேன், வாசகரும் கவனிக்கலாம்.

டேவிட் டாசன் தொண்ணூறுகளின் தொடக்கத்திலிருந்து உதவியாளர். கித்தான் கட்டுவது, தூரிகை கழுவுவது, காலைத் தேநீர், தொலைபேசி, அதற்கு மேல் தன் உடம்பு. அவர் தானும் ஓவியர், புகைப்படக் கலைஞர். அந்தக் கூடத்தின் கடைசி ஆண்டுகளை நாம் கண்ணால் பார்க்க முடிவது அவர் எடுத்த படங்களால்தான். இறுதிப் படத்துக்கும் அவர்தான் உட்கார்ந்தார், எலை என்ற தன் நாயோடு. 'வேட்டைநாயின் உருவப்படம்' என்று பெயர். ஃப்ராய்ட் 2011 ஜூலை 20 அன்று, 88 வயதில், லண்டன் வீட்டில் இறந்தார். அந்த மாதத் தொடக்கம்வரை அதில் வேலை செய்துகொண்டிருந்தார். படத்தில் டாசனின் உடம்பு ஏறக்குறைய முடிந்திருக்கிறது. நாய் முடியவில்லை. அதைச் சுற்றி வெறும் கித்தான் தெரிகிறது.